போகாதான்

மாடக்கண்ணு வட்டக்கயத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு முடிந்து இரண்டு மாதம். அவர் தேடி வந்த குருவுக்கு நாற்பத்தாறு.

அதுவே அவரைக் கொஞ்சம் உறுத்தியது. அதற்கு முன் பத்து குருமார்களைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். பத்துப் பேருக்கும் தாடி இருந்தது. அதில் எட்டு வெள்ளைத் தாடி. பதினோராவதாக அவருக்குச் சொல்லப்பட்ட பேராச்சியம்மையோ, மலைமேல் கயத்தங்கரைக் கல்மண்டபத்தில், தூணில் சாய்ந்து உட்கார்ந்து, மந்தார இலைகளை ஈர்க்குச்சியால் கோத்துச் சாப்பாட்டு இலை தைத்துக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு நரை இல்லை.

கும்பிடுவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கும்பிட்டார்.

"உட்காருங்க அண்ணாச்சி. என்ன சோலி பார்த்தீங்க?"

"சர்வே ஆபீசுல சங்கிலி பிடிச்சேன்மா. முப்பத்திரண்டு வருஷம்."

நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலி அது. நூறு கண்ணி. ஒரு முனையை ஒருவர் பிடித்து நிற்க, மறுமுனையை இழுத்துக்கொண்டு மாடக்கண்ணு முள்ளிலும் மேட்டிலும் நடப்பார். ஒரு கண்ணி பிசகினாலும் திரும்பப் போய் முதலிலிருந்து இழுப்பார். அவரோடு வேலைக்குப் போக ஆட்கள் பயந்தார்கள்.

"இப்போ என்ன அளக்கணும்?" என்று கேட்டாள் அம்மை.

"ஒண்ணும் அளக்க வேண்டாம்மா. ஒரே ஒரு சங்கடம். கண்ணை மூடி உட்கார்ந்தா மனசு நிக்கமாட்டேங்குது. போயிட்டே இருக்கு. அது போகாம இருக்க ஒரு வழி சொல்லணும்."

"எங்கே போகுது?"

"கண்ட இடத்துக்கும் போகுது. இன்னைக்குக் காலையில முப்பது வருஷத்துக்கு முன்னால செத்துப்போன ஒரு மாட்டுகிட்ட போச்சு."

"என்ன மாடு?"

"செவலை."

"நல்ல மாடா?"

"முட்டும்."

அம்மை கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள். "வாங்க" என்று எழுந்து நடந்தாள்.

கயம் மலை உச்சியில் ஒரு கிண்ணம் போல இருந்தது. எந்த ஆறும் அதற்குள் வந்து விழுவதில்லை. மழைத் தண்ணீர்தான். முழங்கால் ஆழம்வரை அடித்தரை பளிச்சென்று தெரிந்தது. அம்மை குனிந்து ஒரு இடத்தைக் காட்டினாள்.

"பாருங்க."

"கல்லு தெரியுது."

"கல்லுக்குப் பக்கத்துல."

"சின்னக் கல்லு தெரியுது."

"அதுக்குக் கண்ணு இருக்கா, பாருங்க."

இருந்தது. இரண்டு கண்ணும் தலை உச்சியில் கடுகு போல உட்கார்ந்திருந்தன. அரைவிரல் நீளம். மண் நிறம். தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. தன்மேல் இவர்கள் நிழல் விழுந்தும் அது அசையவில்லை. மாடக்கண்ணு உற்றுப் பார்த்தார். அவர் மூச்சை இழுத்து, விட்டு, இருபது தடவை எண்ணும்வரை அது கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"இதுக்குப் பேரு என்ன?"

அம்மை வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "போகாதான்."

கயத்துக் காவல்காரன் கொம்பையா தோளில் கம்போடு நின்றான். நாற்பது வயதிருக்கும். யார் பேச்சிலும் நுழைந்துவிடுகிறவன்.

"எங்க ஊரு மீனு அண்ணாச்சி. இந்தக் கயத்தைத் தவிர உலகத்துல வேற எங்கேயும் கிடையாது."

"உலகம் பூரா தேடினீரா?"

"அடிப்பாறை ஊரு வரைக்கும் தேடியாச்சு." கொம்பையா கம்பை ஊன்றிக்கொண்டான். "கயம் நிறைஞ்சு அந்தப் பாறை வாய்வழியா மறுகால் பாயும்லா, அப்போ கெண்டை போவும், கெளுத்தி போவும், அம்புட்டும் அருவியில விழுந்து ஆத்தோட போயிரும். இவன் மட்டும் போகமாட்டான். தரையைக் கடிச்சுக்கிட்டுக் கிடப்பான். அதான் போகாதான்."

"கிடக்கிறதைப் பார்த்திருக்கீரா?"

"மறுகால் நின்ன பிறகு வந்து பார்த்தா எல்லாம் இங்கனயே இருக்கு. அப்போ போகலைன்னுதானே அர்த்தம்?"

"மறுகால் பாயும்போது பார்த்ததில்லையா?"

கொம்பையா காதைப் பொத்திக்கொண்டான். "என்ன பேச்சு பேசுதீரு! போற தண்ணியை எங்க ஊருல எவனும் பார்க்கமாட்டான். பார்த்தா வீட்டுல உள்ளதும் அது பின்னாலயே போயிரும். மறுகால் நிக்கிறமட்டும் ஒருத்தரும் அருவிப் பக்கம் தலை திருப்பமாட்டோம். படிவழியில காலே வைக்கமாட்டோம்."

மாடக்கண்ணு மறுபடி குனிந்து மீனைப் பார்த்தார். போகாதான். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தம் கேள்விக்கு இவ்வளவு சீக்கிரமாக, இவ்வளவு நேராக எந்தக் குருவும் பதில் சொன்னதில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அம்மை மண்டபத்துக்குத் திரும்பி, விட்ட இலையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

மறுநாளே ஒரு சிரட்டை தேடி எடுத்தார். கயத்தங்கரையில் குன்றிமணி அளவுக்குப் பருக்கைக் கல்லாகப் பொறுக்கிக் குவித்தார். காலை வெயில் விழுந்ததும் கண்ணை மூடி உட்காருவார். மண்டபத்தின் கிழக்குத் தூண் நிழல் மூன்றாவது படியைத் தொடும்வரை கணக்கு. மனம் ஒரு தடவை போனால் சிரட்டையில் ஒரு கல். எழுந்ததும் எண்ணிக்கொண்டு அம்மையிடம் வருவார்.

"முந்நூத்தி நாற்பத்தாறும்மா."

"சரி."

இப்படி ஒரு வருஷம். குறைந்துகொண்டு வந்தது. இருநூற்றுச் சொச்சம் ஆயிற்று. இரண்டாம் வருஷ முடிவில் நூற்றுப் பன்னிரண்டு. அதற்கும் "சரி"தான். ஒரு மாசி மாதத்துக் காலையில் அவர் சிரட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

"தொண்ணூத்தேழு! அம்மா, தொண்ணூத்தேழு!"

"சரி."

மறுநாள் நூற்றைம்பத்தெட்டு.

"சரி" என்றாள் அம்மை, அதே குரலில்.

வெயில் ஏறினால் அவர் போய்க் கயத்தங்கரையில் குந்திவிடுவார். போகாதான் கிடக்கும். அவர் பார்ப்பார். அரைவிரல் மீன். அதற்கு முடிகிறது. மூன்று தாலுகாவை அளந்த தமக்கு முடியவில்லை. சில நாள் அதன் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"சங்கிலி அண்ணாச்சி" என்பான் கொம்பையா. "பேசாம சர்க்காருக்கு ஒரு மனு எழுதிப் போடும். உம்ம மனசுக்கு ஒரு பட்டா வாங்கி நாலு மூலைக்கும் எல்லைக்கல் நட்டிருவோம். அப்புறம் எங்கே போவுதுன்னு பார்ப்போம்."

மாடக்கண்ணுக்குச் சிரிப்பு வராது.

மூன்று வருஷம் முடிந்து பதினோராம் நாள். ஐப்பசி. ஐந்து நாளாக மழை விடவில்லை. கயம் நிறைந்து ஐந்து வருஷம் ஆகியிருந்ததால் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று பொழுது விடிந்து மழை வெறித்ததும் கொம்பையா கம்பைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு ஊருக்குள் ஓடினான்.

"மறுகால் பாஞ்சுட்டு! ஏய், மறுகால் பாஞ்சுட்டு!"

கொட்டும் முரசும் வந்துவிட்டன. பெண்கள் குலவையிட்டுக்கொண்டு வந்தார்கள். பாறை வாயின் இரண்டு பக்கத்துக்கும் பூமாலை கட்டி, கட்டும்போதும் கண்ணை மூடிக்கொண்டு கட்டி, ஊர்ச்சனம் அத்தனையும் அருவிக்கு முதுகைக் காட்டியபடி கயத்தைப் பார்த்து வரிசையாக நின்றது. முதுகுக்குப் பின்னால் ஐந்து வருஷத்துத் தண்ணீர் இடிபோல விழுந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

மாடக்கண்ணு அன்றும் உட்கார்ந்தார். விடாமல் உட்கார்ந்தார். முரசு அடித்தது; மனம் முரசுக்குப் போயிற்று. மாலைக்குப் போயிற்று, மழைக்குப் போயிற்று, கொம்பையாவின் கம்புக்குப் போயிற்று, செவலை மாட்டுக்கும் போயிற்று. அவர் கண்ணைத் திறந்தபோது சிரட்டை நிறைந்து கல் தரையில் சிந்திக் கிடந்தது.

எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

அம்மை முன்னால் போய் நின்றார்.

"நானூத்திப் பதினொண்ணு."

"சரி."

"சரியில்லம்மா." அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "வந்த மறுநாள் முந்நூத்தி நாற்பத்தாறு. மூணு வருஷம் கழிச்சு நானூத்திப் பதினொண்ணு. எந்தக் கணக்குல இது சரி?"

அம்மை ஈர்க்கை ஒடித்து இலையில் சொருகினாள்.

அவர் உள்ளே போய்த் துணி இரண்டையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். கும்பிட்டார்.

"போறேன்மா."

"போயிட்டு வாரேன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"வரமாட்டேன். வராதவன் வாரேன்னு சொன்னா பொய்."

"எந்த வழியாப் போறீங்க?"

"வண்டிப்பாதை தண்ணிக்குள்ள கிடக்கு. படிவழிதான்."

"அருவிப் பக்கம்."

"தண்ணி பின்னால போயிருமேன்னு பயப்பட எங்கிட்ட என்ன இருக்கும்மா? இந்த மூட்டை இருக்கு. போனாப் போகட்டும்."

அம்மை தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"படி வழுக்கும். பார்த்துப் போங்க."

அவர் ஊர்ச்சனத்தின் முதுகுக்குப் பின்னால் நடந்து, பாறை வாயைச் சுற்றி, யாருக்கும் தெரியாமல் இறங்கினார்.

அருவிக்குப் பக்கத்திலேயே பாறையைச் செதுக்கிய படி. மொத்தம் நூற்று எண்பத்திரண்டு. வரும்போது எண்ணி வைத்தது. நடுவில் தண்ணீர் வெள்ளையாகக் கொட்டியது. ஓரத்தில், படியை ஒட்டிய பாறைமேல், கண்ணாடித் தகடு மாதிரி மெல்லிசாக வழிந்தது. மாடக்கண்ணு ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, காலைப் பார்த்துப் பார்த்து வைத்து இறங்கினார். நூற்றுப் பத்தொன்பது. நூற்றிருபது. நூற்றிருபத்தொன்று.

அங்கே நின்றார்.

அவர் கைக்கு ஒரு சாண் தள்ளி, வழிகிற தண்ணீருக்குள், ஒரு சின்னக் கல் நகர்ந்தது.

கீழே உருளவில்லை. மேலே நகர்ந்தது.

முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் ஆயிரக்கணக்கான கல்லைப் பார்த்திருக்கிறார். தானாக மேட்டுக்கு ஏறின கல்லைப் பார்த்ததில்லை. மூட்டையைப் படியில் வைத்தார். முகத்தைப் பாறைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

கண் இருக்கிறதா என்று பார்த்தார்.

இருந்தது.

"ஏ!" என்றார் மாடக்கண்ணு.

அதன் வயிற்றடியில் வட்டமாக ஒரு தசைத் தட்டு இருந்தது. அதைப் பாறையில் அப்பிக்கொண்டு நின்றது. வாலை ஒரு உதறு உதறிக் கட்டைவிரல் அகலம் ஏறியது. அப்பியது. செவுள் பட் பட்டென்று அடிக்க மூச்சு வாங்கியது. மறுபடி ஒரு உதறு. மேலிருந்து ஒரு வீச்சுத் தண்ணீர் வந்து அதைத் தள்ளியது. ஒரு முழம் சறுக்கிக் கீழே போய் ஒட்டிக்கொண்டது. சற்று நேரம் சும்மா கிடந்தது. பிறகு வாலை உதறியது.

மாடக்கண்ணு பாறை முழுக்கப் பார்வையை ஓட்டினார். பாறை முழுக்கக் கல் ஏறிக்கொண்டிருந்தது. இங்கே ஒன்று, அங்கே நாலு, ஒரு வெடிப்புக்குள் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு. எட்டிக் கீழே பார்த்தார். அருவி விழுகிற கிடங்கின் ஓரமெல்லாம் கறுப்பாக அப்பிக் கிடந்தது. போன போகாதான் எல்லாம் அங்கே கூடி, முறை வைத்தது போல, ஒன்றன்பின் ஒன்றாகப் பாறையில் வாயை வைத்தது.

எண்ண வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. எண்ணாமல் எப்படி?

பாறையின் குறுக்கே வெள்ளைக் கோடாக ஒரு கல்லோட்டம் ஓடியது. அதையே எல்லையாக வைத்துக்கொண்டார். கோட்டைத் தாண்டி மேலே போனால் ஒன்று. பத்துக்கு ஒரு கல் எடுத்துப் படியில் வைத்தார்.

கோட்டைத் தாண்டின சில சறுக்கிக் கோட்டுக்குக் கீழே வந்தன. அவற்றை முதலில் கழித்தார். கழித்தது மறுபடி ஏறித் தாண்டியது. அதைச் சேர்த்தார். அது மறுபடி சறுக்கியது. "நிண்ணு தொலையேன்" என்று அதட்டினார். அது மறுபடி ஏறியது. கொஞ்ச நேரத்தில் கழிப்பதை விட்டுவிட்டார். எத்தனை தடவை சறுக்கினால் என்ன, ஏறித் தாண்டினால் ஒன்று.

வால்நுனி கிழிந்த மீன் ஒன்று இருந்தது. மற்றதில் பாதிதான் அதற்கு உதற முடிந்தது. கோட்டுக்கு இரண்டு விரல் கீழேவரை வரும், சறுக்கும். நாலு தடவை. ஐந்து தடவை. கையால் தூக்கி மேலே வைத்துவிடலாம் என்று மாடக்கண்ணுக்குக் கை துறுதுறுத்தது. கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஏறு! அப்படித்தான். ஏறு, ஏறு! விட்றாதே! ஏ, கிழிஞ்ச வாலா, பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ!"

ஆறாவது தடவை அது கோட்டைத் தாண்டியது. மாடக்கண்ணு அந்த வழுக்குப் படியில், அறுபத்தொரு வயதில், ஒரு குதி குதித்தார்.

படியில் இருபத்தொரு கல் சேர்ந்து, மேற்கொண்டு ஏழு ஆனபோது, இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்பது அவருக்கு உறைத்தது. ஏறி ஓடினார். மூட்டை நூற்றிருபத்தொன்றாம் படியிலேயே கிடந்தது. மேலே வந்து சேர்ந்த பிறகுதான், ஏறும்போது படியை எண்ணவில்லை என்பது ஞாபகம் வந்தது.

எதிரே வரிசையாக ஊர்ச்சனத்தின் முதுகு.

"திரும்பிப் பாருங்க!" என்று கத்தினார். "எல்லாரும் திரும்பிப் பாருங்க!"

முரசு நின்றது. ஒரு முதுகும் திரும்பவில்லை. "திரும்பாதீங்கட்டி!" என்று ஒருத்தி பெண்களை எச்சரித்தாள்.

கொம்பையா மட்டும் திரும்பாமலே பின்னுக்குப் பின்னாக நடந்து அவரிடம் வந்தான்.

"யாரு, சங்கிலி அண்ணாச்சியா? அங்கன எதுக்குவே போனீரு?"

"போகாதான் போகுது!"

"என்னது?"

"போகாதான் போகுதுவே! விழுந்துட்டுத் திரும்பி ஏறி வருது! பாறை பூரா ஏறுது! இருநூத்திப் பதினேழு எண்ணிட்டேன்!"

கொம்பையாவின் முதுகு விறைத்தது. "இந்தாரும். என்னை என்ன வேணாலும் சொல்லும். எங்க மீனைக் கேவலமாப் பேசாதீரும். எங்க பூட்டன் காலத்துல இருந்து அது போனதில்லை."

"வந்து பாரும்."

"பார்த்தா வீட்டுல உள்ளது போயிரும்."

"உம்ம வீட்டுல என்ன இருக்கு?"

"ஒரு எருமை இருக்கு."

"போனா நான் தேடிக் கொண்டாந்து தாரேன். வாரும்."

"மாட்டேன். போற தண்ணியைப் பார்க்கவே மாட்டேன்."

மாடக்கண்ணு அவன் தோளைப் பிடித்தார். "கொம்பையா, போற தண்ணியை யாரு பார்க்கச் சொன்னா? வாற மீனைப் பாரும்."

கொம்பையா யோசித்தான். ஊர்க் கட்டுப்பாட்டை முதலிலிருந்து கடைசிவரை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். வருகிறதைப் பார்க்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

"வாறதை மட்டும்தான் பார்ப்பேன்" என்றான் உரக்க, எல்லாருக்கும் கேட்கும்படியாக.

கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, மாடக்கண்ணு இழுத்த இழுப்புக்கு வந்து, பாறை வாயின் ஓரத்தில் குப்புறப் படுத்தான். ஒரு கையைத் தண்ணீர் வழிகிற விளிம்பில் ஊன்றினான். விரலை விலக்கி ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தான்.

கீழேயிருந்து ஒன்று விளிம்பைத் தொட்டது. ஒரு உதறு. கொம்பையாவின் மணிக்கட்டில் மோவாயை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது.

வால்நுனி கிழிந்திருந்தது.

கொம்பையா அசையவில்லை. அவன் வாய்கூட மூடவில்லை. மீன் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு கயத்துக்குள் வழுக்கி இறங்கித் தரைக்குப் போய்ச் சேர்ந்து, எப்போதும் கிடப்பது போலக் கிடந்தது.

"ஏலேய்!" என்று அலறினான் கொம்பையா. "ஓடியாங்க! எல்லாரும் ஓடியாங்க! வாறான்! வாறான்!"

அதற்குமேல் ஒரு முதுகும் பொறுக்கவில்லை. ஊர் திரும்பியது. முதலில் விரலிடுக்கு வழியாக, பிறகு கையை எடுத்துவிட்டு, விளிம்பு நெடுகக் குப்புறப் படுத்துப் பார்த்தது. ஒரு மீன் விளிம்பைத் தாண்டினால் பெண்கள் ஒரு குலவை போட்டார்கள். ஒன்று சறுக்கினால் அத்தனை பேரும் "ஐயோ" என்றார்கள். முரசுக்காரர் முரசைத் தொலைவில் போட்டுவிட்டு வந்து படுத்திருந்தார்.

"இம்புட்டு நாளும் தப்பாப் பேரு சொல்லிட்டு இருந்திருக்கோமே!" கொம்பையா எழுந்து நின்று தலையில் அடித்துக்கொண்டான். சிரித்தான். "இது போகாதான் இல்லைவே. போயிட்டுவாரான்! இதுக்குப் பேரு போயிட்டுவாரான்!"

மாடக்கண்ணு மண்டபத்துக்கு ஓடினார்.

அம்மை இலை தைத்துக்கொண்டிருந்தாள். தரையில் சிந்திக் கிடந்த கல்லையெல்லாம் யாரோ பொறுக்கிச் சிரட்டையில் போட்டு வைத்திருந்தார்கள்.

"அம்மா!" அவருக்கு மூச்சு வாங்கியது. "அம்மா, அது போகுது!"

"எத்தனை?"

"இருநூத்திப் பதினேழு."

"போனதா, வந்ததா?"

"வந்ததும்மா. போனதை எங்கே எண்ண? அது தண்ணியோட தண்ணியா விழுந்து போறது கண்ணுக்கே தெரியாது. ஏறி வாறதைத்தான் எண்ண முடியும்."

"சரி."

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"பார்த்துப் போங்கன்னு சொன்னேனே."

"மூணு வருஷம்மா. மூணு வருஷமும் பதினோரு நாளும். போகாதான், போகாதான்னு அந்தப் பூச்சியைப் பார்த்து வெட்கப்பட்டுக் கிடந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான் மீனைத்தானே காட்டினேன் அண்ணாச்சி? பேரு சொன்னது கொம்பையா."

அது சரிதான். அவர் அன்றைய பேச்சை வரி வரியாக நினைத்துப் பார்த்தார். பேர் சொன்னது கொம்பையாதான்.

அம்மை சிரட்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை எப்போ போட்டீங்க?"

"இன்னைக்குக் காலையில."

"காலையில எப்போ?"

"மனசு போனப்போ."

"போனப்போவா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. ஒரு கண்ணி பிசகினாலும் திரும்பப் போகிறவர். திரும்பப் போய்ப் பார்த்தார். முரசு. முரசுக்கு மனம் போனது. போனபோது கை சும்மாதான் இருந்தது. எவ்வளவு நேரமோ முரசோடுதான் இருந்தார். அப்புறம்தான் கை நீண்டது.

"இல்லம்மா" என்றார் மெதுவாக. "போயிட்டுதேன்னு தெரிஞ்சப்போ போட்டேன்."

வெளியே இன்னொரு குலவை எழுந்தது.

அம்மை அடுத்த இலையை எடுத்தாள்.

"தெரிஞ்சப்போ அது எங்கே இருந்தது அண்ணாச்சி?"

மாடக்கண்ணு கையிலிருந்த கல்லைப் பார்த்தார். சிரட்டையைப் பார்த்தார். நானூற்றுப் பதினொன்று.

"இங்கே வந்திருந்ததும்மா" என்று அந்தக் கல்லைச் சிரட்டையில் திரும்பப் போட்டார்.